முதல் விமான மாதிரி: வன்னியில் ஒரு ஹரிக்கேனைக் கட்டிப் பூசும் முறை

பிளாஸ்ரிக் விமான மாதிரி ஒன்றை நன்றாகச் செய்து முடிக்க ஸ்ப்ரே கன்னும் கொம்பிரசரும் வேண்டியதில்லை. இரண்டு நல்ல பிரஷ், ஒரு கூரான கத்தி, பசை, ஐந்தாறு வர்ணம் போதும். ஆனால் பெட்டிக்குள் வரும் கையேட்டை மட்டும் நம்பி இறங்கினால் எங்கள் பக்கத்தில் வேலை கெட்டுப்போகும். அந்தக் கையேடுகள் குளிர்நாட்டு மேசைகளுக்காக எழுதப்பட்டவை. ஆவணி மாதத்துக் கச்சான் காற்றில் வர்ணம் பிரஷ்ஷிலேயே காய்ந்துவிடும் என்பதோ, கார்த்திகை மழையில் வார்னிஷ் வெளுத்துப்போகும் என்பதோ அவற்றில் இராது. எந்த நேரத்தில் பூசுவது, எந்தத் தண்ணீரைப் பாவிப்பது, எவ்வளவு காயவிடுவது என்ற மூன்றையும் சரியாகப் பிடித்துக்கொண்டால் மிச்சமெல்லாம் கைப்பழக்கத்தில் வந்துவிடும்.

எந்த விமானம், எந்த அளவு

முதல் வேலைக்கு 1/72 அளவில் ஒற்றை இயந்திரப் போர்விமானம் ஒன்றை எடுங்கள். 1/72 என்றால் உண்மையான விமானத்தின் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. பிரித்தானியப் போர்விமானமான ஹோக்கர் ஹரிக்கேனின் இறக்கை நீளம் 12.19 மீற்றர். மாதிரியில் அது ஏறத்தாழ 17 சென்ரிமீற்றர், ஒரு கொப்பியின் நீளத்துக்குள் அடங்கும். 1/48இல் அதே விமானம் 25 சென்ரிமீற்றருக்குச் சற்று அதிகம். பாகங்கள் பெரிதாக இருப்பதால் பிடிப்பது சுலபம், ஆனால் விலையும் கூடும், பூசவேண்டிய பரப்பும் கூடும்.

இந்தக் கட்டுரையில் ஹரிக்கேனையே எடுத்துக்கொள்கிறோம். உடல் பருமனானது, சில்லுக் கால்கள் அகலமாக ஊன்றி நிற்கும், இரண்டு நிற உருமறைப்பைப் பழக வாய்ப்பானது. எங்கள் தீவோடு அதற்கு நேரடி உறவும் உண்டு. 1942 ஏப்ரல் 5இல் கொழும்பையும் 9இல் திருகோணமலையையும் யப்பானிய விமானங்கள் தாக்கியபோது எதிர்த்து எழுந்த போர்விமானங்களில் பெரும்பாலானவை ஹரிக்கேன்கள்தான். கொழும்பில் 30ஆம், 258ஆம் படையணிகள், திருகோணமலைச் சீனக்குடாவில் 261ஆம் படையணி. வவுனியா விமானத் தளத்திலும் அந்தப் போர்க்காலத்தில் பிரித்தானியரின் பிரிஸ்டல் பியூபோர்ட் விமானங்கள் நின்றன. பியூபோர்ட்டுக்கும் 1/72இல் கிட் (பாகங்கள் அடங்கிய பெட்டி) கிடைக்கிறது. அது இரட்டை இயந்திரம், கண்ணாடிப் பாகங்களும் அதிகம். மூன்றாவது, நான்காவது கிட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். வன்னியில் பல வீடுகளில் போர்விமானம் என்றதும் நினைவுக்கு வருவது இலங்கை விமானப்படையின் கிபிர்தான். கிபிருக்கும் மிக்-27க்கும் கிட்டுகள் விற்கிறார்கள். அந்த இரைச்சலைப் பங்கருக்குள் இருந்து கேட்ட அம்மம்மாவோ அப்பாவோ வீட்டில் இருந்தால், அவர்கள் நாளாந்தம் கடந்துபோகும் அலுமாரியில் எந்த விமானம் நிற்கலாம் என்று அவர்களிடமே கேட்டு முடிவெடுங்கள். வாங்குவதற்கு முன்பே கேட்பதுதான் முறை.

கிட்டும் சாமான்களும் வரும் வழி

பெரும்பாலும் கொழும்பில் இருந்து பார்சலாகவோ வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்களின் பையிலோதான் கிட் வந்துசேரும். வெளிநாட்டில் இருந்து வருபவரிடம் கிட் பெட்டி, பிரஷ், டீக்கல் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள்) ஆகியவற்றைத் தாராளமாகச் சொல்லிவிடலாம். பசைப் போத்தல், எனாமல் (தின்னரில் கரையும் வர்ணம்) ரின், ஸ்ப்ரே ரின், தமியா நிறுவனத்தின் அக்ரிலிக் வர்ணம் ஆகியவற்றைச் சொல்லாதீர்கள். அவை தீப்பற்றக்கூடியவை, விமான நிலையத்தில் பிடித்து வைத்துவிடுவார்கள். வலேஹோ நிறுவனத்தினது போன்ற தண்ணீர் அடிப்படை அக்ரிலிக் வர்ணம் தீப்பற்றாது, அதைக் கொண்டுவரச் சொல்லலாம். எயார்பிக்ஸ் என்ற கிட் நிறுவனத்தின் தொடக்கப் பெட்டிகளில் சின்ன வர்ணக் குப்பிகளும் பசையும் பிரஷ்ஷும் கிட்டோடு சேர்ந்தே வரும். வாய்த்தால் முதல் வேலைக்கு அது வசதி.

மற்றதெல்லாம் கிளிநொச்சி, வவுனியா, புதுக்குடியிருப்புக் கடைத்தெருக்களிலேயே எடுக்கலாம். வாகனத்துக்கு வர்ணம் பூசுபவர்கள் தேய்க்கப் பாவிக்கும் வோட்டர் பேப்பர் 400, 800, 1500 இலக்கங்களில் ஒவ்வொரு தாள், வர்ணம் படாமல் மறைக்கும் மாஸ்கிங் ரேப், வெளியை அடைக்கும் என்.சி. புட்டி சின்ன ரின் ஒன்று, பைண்டர் கம் (வெள்ளைப் பசை), உடுப்புக் கிளிப், றப்பர் பாண்ட், பல்லுக்குத்தி, பொடி எடுக்கும் சாமணம். வெட்டுவதற்கு மின்வேலைக்காரர் பாவிக்கும் சிறிய சைட் கட்டர் நல்லது. நகவெட்டியாலும் சமாளிக்கலாம், ஆனால் அதன் வளைந்த வாய் பாகத்தின் ஓரத்தைக் கடித்துவிடும். ஆகவே சற்றுத் தள்ளியே வெட்டவேண்டும்.

பசையில் மட்டும் மாற்றுவழி தேடாதீர்கள். பிளாஸ்ரிக் மாதிரிக்கான பசை ஒட்டுவது இல்லை, உருக்குவது. இரு பக்கத்துப் பிளாஸ்ரிக்கையும் இளக்கி ஒன்றாகக் கலந்துவிடும், கரைப்பான் ஆவியானதும் ஒரே துண்டாகிவிடும். தமியாவின் மெல்லிய பசை 40 மில்லிலீற்றர் போத்தல் பல கிட்டுகளுக்குக் காணும். சுப்பர் குளூ உடனே பிடிக்கும், திருத்த நேரம் தராது, கண்ணாடிப் பாகத்துக்கு அருகில் போட்டால் அதன் ஆவி கண்ணாடியை வெண்புகை படிந்ததுபோல் ஆக்கிவிடும்.

வெட்டவும் கழுவவும்

பாகங்கள் ஒட்டிவரும் பிளாஸ்ரிக் சட்டத்தில் இருந்து அவற்றைப் பிடுங்குவதற்கு முன் முழுச் சட்டங்களையும் கழுவுங்கள். அச்சில் இருந்து பிளாஸ்ரிக் கழன்றுவரப் பூசிய எண்ணெய்ப் பதம் அதில் இருக்கும். அதற்கு மேல் வர்ணம் பூசினால் மாஸ்கிங் ரேப்பை இழுக்கும்போது வர்ணமும் தோலாக உரிந்து வரும். பாத்திரம் கழுவும் திரவம் சில துளி, பழைய பற்தூரிகை, ஆறிய தண்ணீர். சுடுதண்ணீர் வேண்டாம், மெல்லிய பாகம் வளைந்துவிடும். கடைசி அலசலை மட்டும் ஆர்.ஓ. (சுத்திகரித்த குடிநீர்) தண்ணீரில் செய்யுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் கூட. கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவுதான் பாகத்தின் மேலும் காயும்.

வெட்டுவது இரண்டு முறை. முதலில் பாகத்தில் இருந்து இரண்டு மில்லிமீற்றர் தள்ளி வெட்டி விடுவியுங்கள். பிறகு மிஞ்சிய முளையைக் கத்தியால் மெல்லிய சீவல்களாகச் சீவி, 800 தாளால் தேயுங்கள். ஒரே வெட்டில் ஒட்ட வெட்டினால் பிளாஸ்ரிக் இழுபட்டு வெள்ளைத் தழும்பு விழும், சிலவேளை பள்ளமே விழும். இலக்கமில்லாத பாகம் எது என்று பிறகு தலையைச் சொறியாமல் இருக்க, அந்தந்தக் கட்டத்துக்குத் தேவையானதை மட்டும் வெட்டுங்கள்.

கட்டுதல்

விமானியறைதான் முதல் வேலை. உடலின் இரண்டு பாதிகளையும் மூடிவிட்டால் உள்ளே பிரஷ் போகாது. சுவர்களுக்கும் தரைக்கும் பிரித்தானிய உட்புறப் பச்சை (ஹம்ப்ரோல் நிறுவன வர்ண இலக்கம் 78), இருக்கைக்கும் கருவிப் பலகைக்கும் கையேடு சொல்லும் நிறம், இருக்கைப் பட்டிகளுக்கு வெளிர் மஞ்சள் கலந்த வெள்ளைக் கோடு இரண்டு. 1/72இல் விமானியறையின் மேல்மூடியை வைத்தபின் இதில் பாதிதான் தெரியும். அதற்காக இரண்டு மாலைகளுக்கு மேல் இங்கே செலவழிக்க வேண்டியதில்லை.

ஒட்டும் இடங்களில் வர்ணம் இருந்தால் சுரண்டி எடுங்கள். பசை வர்ணத்தை ஒட்டாது, பிளாஸ்ரிக்கையே பிடிக்கும். பாகங்களை முதலில் பசையில்லாமல் சேர்த்துப் பாருங்கள். எங்கே இடிக்கிறது, எங்கே வெளி விழுகிறது என்பதைக் கண்டுபிடித்துச் சீர்செய்த பிறகே பசைப் போத்தலைத் திறக்கவேண்டும்.

உடலின் இரு பாதிகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மெல்லிய பசையின் தூரிகை நுனியை மூட்டின் மேல் தொடுங்கள். பசை தானாகவே வெடிப்புக்குள் ஓடும். பத்து விநாடி பொறுத்து மெல்ல அழுத்தினால் இளகிய பிளாஸ்ரிக் நூல்போல மேலே பிதுங்கும். அது நல்ல அடையாளம், துடைக்காதீர்கள். காய்ந்தபின் தேய்த்தால் மூட்டே தெரியாது. ரேப்பால் கட்டுவதாக இருந்தால் பசை ரேப்பைத் தொடாத இடத்தில் கட்டுங்கள். ரேப்பின் கீழே பசை ஊர்ந்துபோய்ப் பரப்பையே தின்றுவிடும், பிறகு எடுத்துப் பார்க்கும்போது ரேப்பின் அகலத்துக்கு ஒரு தழும்பு இருக்கும். விரலுக்கும் அதே கதிதான். பசை பட்ட இடத்தில் கைரேகை பதிந்துவிட்டால் தொடாமல் ஒரு நாள் விட்டு, பிறகு 1500 தாளால் தேயுங்கள்.

தேய்ப்பதற்கு 24 மணித்தியாலம் பொறுங்கள். தொட்டுப் பார்த்தால் இரண்டு மணித்தியாலத்திலேயே காய்ந்ததுபோல் இருக்கும், ஆனால் உள்ளே கரைப்பான் இன்னும் போய்க்கொண்டிருக்கும். அப்போதே தேய்த்து மட்டமாக்கினால், அது முழுதாக வெளியேறும்போது மூட்டு சுருங்கி உள்ளே அமுங்கும். வர்ணமெல்லாம் பூசி முடிந்த பிறகு முதுகில் நீளக் கோடு ஒன்று எழும்பும். புதியவர்களின் மாதிரிகளில் காணும் பெரும்பாலான கோடுகளுக்குக் காரணம் இதுதான்.

ஹரிக்கேனில் கவனிக்கவேண்டிய ஒரு விசேடம் உண்டு. விமானியறைக்குப் பின்னால் உடல் துணியால் போர்த்தப்பட்டது. உள்ளே இருக்கும் சட்டங்கள் துணியின் மேல் மெல்லிய வரம்புகளாகத் தெரியும், கிட்டிலும் அப்படியே வார்த்திருப்பார்கள். அந்தப் பகுதியில் வோட்டர் பேப்பரை அழுத்தி இழுத்தால் வரம்புகள் தேய்ந்து மொட்டையாகிவிடும். கத்தியின் முதுகால் மூட்டை மட்டும் மெதுவாகச் சுரண்டுங்கள். மூக்குப் பக்கம் உலோகத் தகடு, அங்கே தயங்காமல் தேய்க்கலாம்.

இறக்கையை ஒட்டியதும் மாதிரியை மேசையில் வைத்து, கண்ணை மேசை மட்டத்துக்குத் தாழ்த்தி முன்னால் இருந்து பாருங்கள். இரு இறக்கை நுனிகளும் ஒரே உயரத்தில் இருக்கவேண்டும், வால் இறக்கையும் அவற்றோடு சமமாகப் படுக்கவேண்டும். பசை இளகியிருக்கும் கால்மணி நேரத்துக்குள்தான் திருத்தலாம். இறக்கை அடியில் வெளி இருந்தால் புட்டியைப் பல்லுக்குத்தி நுனியால் மெல்லிதாக வையுங்கள். என்.சி. புட்டியில் இருக்கும் தின்னர் பிளாஸ்ரிக்கை இளக்கும். தடிப்பாக ஒரே தடவையில் அப்பினால் அடியில் பரப்பு சுருங்கும். இரண்டு மெல்லிய பூச்சு, இடையில் ஓர் இரவு. தின்னரைத் துணியில் தோய்த்து மாதிரியைத் துடைக்கும் வேலையை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள்.

சில்லுக் கால், காற்றாடி, குழாய்கள் எல்லாவற்றையும் கடைசிக்கு விடுங்கள். முன்கூட்டியே ஒட்டினால் பூசும்போது நிச்சயம் உடையும்.

வர்ணம்

பூசுவதற்கு எங்கள் பக்கத்தில் ஏற்ற நேரம் காலை ஒன்பது மணிக்கு முன். புழுதி அடங்கியிருக்கும், வெயில் ஏறியிராது. பகல் பன்னிரண்டு மணிக்குத் தகரக் கூரையின் கீழ் அக்ரிலிக் பூசினால் பிரஷ் இரண்டாவது இழுப்புக்குப் போகுமுன்னே வர்ணம் பாதி காய்ந்து, இழுத்த இடமெல்லாம் வரிவரியாகத் தூக்கி நிற்கும். ஃபானை நிற்பாட்டுங்கள். முன்னிரவில் நிலத்தில் தண்ணீர் தெளித்துக் கூட்டிவிட்டால் புழுதி குறையும். பூசிய மாதிரியை உடனே கவிழ்த்த சோற்றுப் பெட்டியால் மூடுங்கள்.

வெயில் காலத்துக்கு ஈரத் தட்டு ஒன்று செய்துகொள்ளுங்கள். மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டிக்குள் தட்டையான ஸ்பொஞ்சை வைத்து நனைத்து, அதற்கு மேல் கேக் அவிக்கும் எண்ணெய்த்தாளை விரித்து, தாளின் மேல் வர்ணத்தைக் கலக்குங்கள். கீழிருந்து ஈரம் மெல்ல ஏறிக்கொண்டே இருப்பதால் மணிக்கணக்கில் வர்ணம் இளகியே இருக்கும்.

கையால் பூசுவதற்கு வலேஹோ வகை அக்ரிலிக்கோ ஹம்ப்ரோல் எனாமலோ நல்லது. தமியா அக்ரிலிக் ஸ்ப்ரே கன்னுக்கு அருமையானது, பிரஷ்ஷுக்கு அடங்காது. இரண்டாம் பூச்சு முதற்பூச்சைக் கரைத்து இழுத்துவிடும். எனாமல் பூசினால் ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் ஒரு முழுநாள் விடவேண்டும், யன்னலும் திறந்திருக்கவேண்டும்.

வலேஹோ வகை அக்ரிலிக் என்றால் மூன்று பங்கு வர்ணத்துக்கு ஒரு பங்கு ஆர்.ஓ. தண்ணீர், பால் பதம். முதற்பூச்சு திட்டுத்திட்டாகத்தான் தெரியும், பிளாஸ்ரிக் நிறம் அடியில் காட்டும். பதறி மேலே மேலே இழுக்காதீர்கள். ஒரு மணித்தியாலம் விட்டு, முதற்பூச்சை நீளப் பக்கமாக இழுத்திருந்தால் இரண்டாவதைக் குறுக்காக இழுங்கள். மூன்றாவதில் பரப்பு ஒரே சீராகிவிடும். தடித்த ஒரு பூச்சு மூடிவிடும் என்பது உண்மைதான், கூடவே தகட்டுக் கோடுகளையும் ஆணித் தலைகளையும் மூடிவிடும்.

1940 நடுப்பகுதியில் இருந்து 1941 நடுப்பகுதி வரை இங்கிலாந்தில் பறந்த ஹரிக்கேனுக்கு அடிப்பக்கம் ‘ஸ்கை’ எனும் வெளிர் பச்சை (ஹம்ப்ரோல் 90), மேலே கடும் மண்ணிறம் (29), கடும் பச்சை (30). வெளிரில் இருந்து கடுமைக்குப் போவதே வழக்கம். முதலில் அடிப்பக்கம், அடுத்து மேல் முழுவதும் மண்ணிறம். மறுநாள் கையேட்டில் உள்ள உருமறைப்பு வடிவத்தைப் பென்சிலால் லேசாக வரைந்து, பச்சையின் ஓரத்தை மெல்லிய பிரஷ்ஷால் கோடிழுத்து, உள்ளே 4 அல்லது 6 இலக்கத் தட்டைப் பிரஷ்ஷால் நிரப்புங்கள்.

அடிக்கும் மேலுக்கும் இடையிலான நேர்கோட்டுக்குத்தான் ரேப் வேண்டும். ஹாட்வெயார் ரேப்பின் ஓரம் கடையில் பட்ட தூசியால் பிசிறாக இருக்கும், பசையும் எங்கள் வெக்கைக்கு இளகி மிச்சம் விடும். கண்ணாடித் துண்டு ஒன்றில் ஒட்டி, இரும்பு அடிமட்டம் வைத்துப் புதிய ஓரம் வெட்டி எடுங்கள். உள்ளங்கையில் இரண்டு முறை ஒட்டி எடுத்தால் பிடிமானம் குறையும். மாதிரியில் ஒட்டிய பிறகு ஓரத்தை நகத்தால் அழுத்திவிட்டு, முதலில் அடிநிறத்தையே ஒரு தடவை ஓரத்தில் பூசுங்கள். கசிவதானால் அதே நிறம்தான் கசியும், கண்ணுக்குத் தெரியாது.

மேல்மூடிக் கண்ணாடியின் சட்டங்களைக் கைநடுங்காமல் பூசுவது கடினம். ஒளி ஊடுருவும் செலோரேப்பில் முதலில் மண்ணிறத்தையும் பச்சையையும் பூசிக் காயவிட்டு, ஒரு மில்லிமீற்றர் அகலக் கீலங்களாக வெட்டி, சட்டத்தின் மேல் ஒட்டிவிடுங்கள். மூடியை உடலில் பொருத்தப் பைண்டர் கம் போதும். காய்ந்தால் கண்ணாடிபோல் தெளிந்துவிடும், பிழைத்தால் ஈரத் துணியால் துடைத்து மீண்டும் வைக்கலாம்.

டீக்கல்

மங்கல் வர்ணத்தின் மேல் நேரே டீக்கலை ஒட்டினால், சொரசொரப்பான பரப்புக்கும் படலத்துக்கும் இடையில் காற்றுத் தங்கி வெள்ளிபோல் மினுங்கும். அதனால் முதலில் மினுங்கல் வார்னிஷ் ஒரு பூச்சு, 24 மணித்தியாலக் காய்ச்சல்.

இறக்கையின் மேல் வரும் வட்டச் சின்னத்தை எடுத்துக்கொள்வோம். தாளில் இருந்து ஓரம் ஒட்ட வெட்டுங்கள். தட்டில் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றி, சாமணத்தால் பிடித்து இருபது விநாடி அமிழ்த்தி எடுத்துத் துணியின் மேல் வைத்து ஒரு நிமிடம் பொறுங்கள். விரலால் தொட்டால் சின்னம் தாளின் மேல் வழுக்கவேண்டும். வழுக்காவிட்டால் பலவந்தம் செய்யாமல் இன்னும் அரை நிமிடம் விடுங்கள். இறக்கையில் சின்ன நீர்த்துளி ஒன்றை வைத்து, தாளோடு கொண்டுபோய், தாளைக் கீழிருந்து உருவுங்கள். ஈரப் பிரஷ்ஷால் இடத்துக்கு நகர்த்தி, நடுவில் இருந்து ஓரத்துக்கு நீரை ஒற்றி எடுங்கள். தகட்டுக் கோட்டுக்குள் படியாமல் பாலம் போட்டு நின்றால் டீக்கல் இளக்கியைத் தொடுங்கள். அது இல்லாத இடத்தில் வெள்ளை வினாகிரியில் பாதி தண்ணீர் கலந்தது ஓரளவு உதவும். இளக்கி பட்டதும் படலம் சுருங்கிக் கசங்கியதுபோல் தெரியும். கை வைக்காதீர்கள், காயும்போது தானாகவே இறுகிப் படியும். கிணற்றுத் தண்ணீரில் செய்திருந்தால் மறுநாள் சின்னத்தைச் சுற்றி வெள்ளை வளையம் தெரியும். ஆர்.ஓ. தண்ணீரில் தோய்த்த பஞ்சால் ஒற்றினால் போகும்.

1940இல் பறந்த ஹரிக்கேனுக்கு இறக்கை முன்விளிம்பில் எட்டுத் துப்பாக்கி வாய்கள். அவற்றின் மேல் ஒட்டியிருந்த சிவப்புத் துணிச் சதுரங்கள் பல கிட்டுகளில் டீக்கலாக வரும். இல்லையென்றால் சிவப்பு வர்ணத்தால் போடுங்கள்.

முடிப்பு வேலைகள்

டீக்கலுக்கு மேல் மீண்டும் மினுங்கல் மெல்லிதாக ஒன்று. பிறகு ஓவியர் பாவிக்கும் கடும் கபில எண்ணெய் வர்ணத்தில் குன்றிமணி அளவு எடுத்து, டர்பன்ரைனில் கரைத்துத் தகட்டுக் கோடுகளில் ஓடவிட்டு, அரைமணி கழித்துக் காற்றோட்டத் திசையில் துணியால் துடையுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கு நின்றுவிடும். புகைக்குழாய்க்குப் பின்னால் கறுப்பும் கபிலமும் கலந்த சுண்ணக்கட்டித் தூளை மென்பிரஷ்ஷால் இழுங்கள். சில்லில் புழுதி போட ஆசை என்றால் எந்த ஊர் விமானம் என்று பாருங்கள். 1940இல் இங்கிலாந்தில் பறந்த ஹரிக்கேன்களில் பல புல்தரைகளில் இருந்து எழுந்தவை, செம்புழுதி அவற்றுக்குப் பொருந்தாது. வவுனியா பியூபோர்ட்டைக் கட்டும்போது செம்மண்ணை வேட்டித் துணியால் சலித்துப் பாவியுங்கள், அதைவிடச் சரியான நிறம் எந்தப் போத்தலிலும் கிடைக்காது.

கடைசியாக மங்கல் வார்னிஷ். இதை ஸ்ப்ரேயில் அடிப்பதானால் மழைநாளில் அடிக்காதீர்கள். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்புக் குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் படிந்து வார்னிஷுக்குள் சிக்கி வெண்மையாகிவிடும். மாரியில் வெயில் எறிக்கும் பகல் ஒன்று வரும்வரை பொறுங்கள், இல்லையேல் பிரஷ்ஷால் பூசுங்கள்.

இனிச் சில்லுக் கால்கள், காற்றாடி. அலகுகள் கறுப்பு, நுனி மஞ்சள். கம்பத்தில் இருந்து வாலுக்குப் போகும் வானலைக் கம்பிக்குத் தங்கூசி 1/72இல் தடிப்பாகத் தெரியும். மிஞ்சிய சட்டத் துண்டை மெழுகுதிரிக்கு இரண்டு அங்குலம் மேலே பிடித்துச் சுழற்றி, பளபளத்து இளகியதும் வெளியே எடுத்து இரு பக்கமும் சீராக இழுங்கள். மயிரளவு நூல் வரும். சுப்பர் குளூ ஊசிமுனை அளவு போதும். தொய்ந்திருந்தால் ஊதி அணைத்த ஊதுபத்தியின் தணலை அருகில் கொண்டுபோக இறுகும், தொட்டால் அறுந்துவிடும்.

பிறகு மூக்குச் சில்லுள்ள விமானம் கட்டும்போது வாலில் குந்தாமல் இருக்க மூக்குக்குள் பாரம் வேண்டும். முல்லைத்தீவில் வலைச் சாமான் விற்கும் கடைகளில் உள்ள ஈயக் குண்டு அதற்கு ஏற்றது. உடலை மூடுமுன் வைக்கவேண்டும், ஈயம் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும்.

முடிந்த மாதிரியை யன்னல் வெயில் படாத இடத்தில், மூடிய கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள். வெயிலில் வர்ணமும் டீக்கலும் வெளிறும், திறந்து வைத்தால் பல்லி எச்சம் வர்ணத்தை அரிக்கும். தூசி தட்டத் துணி வேண்டாம், மென்மையான பெரிய பிரஷ் ஒன்றை அதற்கென்றே வைத்திருங்கள்.